ஆறு லட்சத்து மனையும் பதிமூன்றரை லட்சத்து மனையும்

கேள்வி: சார், எனக்குச் சொந்த ஊர் பாம்பன். ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். மனைவி பட்டணம்காத்தானில் பள்ளி ஆசிரியை. எல்.கே.ஜி. படிக்கும் மகள் இருக்கிறாள். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து 52,000. வாடகை 7,500. கையில் ஆறரை லட்சம் சேர்த்திருக்கிறோம். முதல் வீடு. மூன்று இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று, பட்டணம்காத்தானில் ஈ.சி.ஆரிலிருந்து உள்ளே தள்ளி 3 சென்ட், பதிமூன்றரை லட்சம். இரண்டு, டவுனுக்குள் ஓர் ஊருணிக்குப் பக்கத்தில் 2 சென்ட்டில் 25 வருடப் பழைய வீடு, 27 லட்சம். மூன்று, உச்சிப்புளியில் மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக 5 சென்ட், ஆறே லட்சம். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறதாம். "ஏர்போர்ட் வரப்போகுது, இப்ப விட்டா கிடைக்காது" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். அப்பாவோ, "கடலப் பாத்து வளந்தவன் கருவக்காட்டுல போயி என்னடா செய்வே" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் உங்களுக்குப் பொருந்துவது பட்டணம்காத்தான் மனைதான். ஆனால் அதற்கும் இப்போது அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஆவணி நடக்கிறது. கார்த்திகை மழை முடியும் வரை பொறுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வங்கிகளுக்காக வீடு, மனை மதிப்பீடு செய்வது என் தொழில். விலை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் சென்ட் கணக்கில்தான் கேட்கிறார்கள். நம் கடற்கரையில் அந்தக் கணக்கு பாதிதான்.

உச்சிப்புளி மனையையே எடுத்துக்கொள்வோம். 5 சென்ட் ஆறு லட்சம். கேட்டதும் யாருக்கும் ஆசை வரும். இப்போது அங்கே வீடு கட்டிக் குடியேறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை ராமநாதபுரத்தில். போக வர நாளுக்கு 40 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வண்டி ஓட்டினால் பெட்ரோலுக்கு மட்டும் 2,300 ரூபாய் பக்கம் ஆகும். மனைவிக்கு மகளிர் இலவச டவுன் பஸ் நேரத்துக்குக் கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொண்டாலும், மகளுக்கு ஸ்கூல் வேன் ஆயிரம் ரூபாய். குழாயில் வருவது போதாமல் குடிக்க, சமைக்க நல்ல தண்ணீரை வண்டியில்தான் வாங்குவீர்கள் என்றால், குடம் 10 ரூபாய், நாளுக்கு ஆறு குடம், மாதம் 1,800. கூட்டினால் 5,100 ரூபாய் வருகிறது.

இந்த இடத்தில் ஓர் எண்ணை மனதில் வையுங்கள்: 868. எட்டரை சதவீத வட்டியில், 20 வருடத் தவணையில், ஒரு லட்சம் கடனுக்கு மாதம் கட்ட வேண்டிய தொகை இது. 5,100 ரூபாயை இதால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு லட்சம். அதாவது அந்த ஆறு லட்சத்து மனைக்குப் பின்னால் இன்னோர் ஆறு லட்சம் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. 12 லட்சம் ஆகிவிட்டது. மனைவி நடந்தே பள்ளிக்குப் போகக்கூடிய பட்டணம்காத்தான் மனை பதிமூன்றரை. வித்தியாசம் அவ்வளவுதான். தவணைக்கு 20 வருடத்தில் ஒரு முடிவு உண்டு. பெட்ரோலும் தண்ணீரும் அப்படி முடிவதில்லை. நைட் டியூட்டி முடித்து வண்டியில் திரும்பும் இருட்டை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எந்த ஏரியாவைப் பார்த்தாலும் இப்படி மாதச் செலவைக் கடனாக மாற்றிப் பாருங்கள். மலிவு எது என்பது வேறு மாதிரித் தெரியும்.

உச்சிப்புளியில் இன்னும் சில சிக்கல்கள் இருக்கின்றன. "கடல் பக்கமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி, உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை நிலத்துக்குள் வருகிறது. ஊராட்சிப் பகுதிகளில் பொதுவாக அதில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களுக்கு 2019 அறிவிக்கையில் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். ஆனால் புரோக்கர் அந்தத் தளர்வைச் சொல்லி உங்களிடம் விற்க முடியாது, அனுமதிக் கடிதத்தைத்தான் காட்ட வேண்டும். இந்த மண்டலத்துக்குள் வரும் மனையில், அனுமதி இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுவது நல்லது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். பிறகு 2017-இல், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. அது 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் விற்றுப் பதிவான மனைகளை வைத்துக் கொண்டுவந்த ஏற்பாடு. நேற்றுக் கருவேலத்தை வெட்டிக் கல் ஊன்றிய மனைக்கு அது உதவாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

ஏர்போர்ட் விஷயம். ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று 2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் அறிவித்தது உண்மை. உச்சிப்புளியில் ஏற்கெனவே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் இருக்கிறது. ஓடுபாதைக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவருக்கு வருவது உயரக் கட்டுப்பாடு, தடையில்லாச் சான்று, நில எடுப்பு பற்றிய பயம், சத்தம். லாபம் வருவதாக இருந்தால் அது பெரிய துண்டாக வாங்கிப் போட்டுக் காத்திருக்கிறவருக்கு. நீங்கள் குடியிருக்க வாங்குகிறீர்கள். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பத்து வருடம் காத்திருக்க உங்களால் முடியாது.

டவுன் வீட்டுக்கு வருவோம். இடம் நல்ல இடம், சந்தேகமில்லை. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மார்க்கெட் எல்லாம் பக்கம். ஆனால் உங்கள் கணக்குக்கு அது உட்காரவில்லை. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 27 லட்சத்துக்கு 24 லட்சத்து 30 ஆயிரம். தவணை 21,000-ஐத் தாண்டும். சம்பளத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அது. பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 2 லட்சத்து 43 ஆயிரம். இது கடனில் வராது, கையிலிருந்துதான். முன்பணத்தையும் சேர்த்துக் கொடுத்தபின் உங்கள் ஆறரை லட்சத்தில் ஒன்றரை லட்சம்கூட மிஞ்சாது. 25 வருடப் பழைய வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரிப்பேர் பணம் என்பது ஒரு மழைக்குத்தான் காணும்.

பழைய வீடு வேண்டாம் என்று நான் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் நம் ஊரில் பழைய கான்கிரீட்டைப் பார்க்கும் விதம் வேறு. சன்ஷேடின் அடிப்பக்கம், பாத்ரூம் கூரை, மொட்டை மாடி மூலை, இந்த மூன்றையும் பாருங்கள். கம்பி போகும் வழியே கோடு பிடித்தாற்போல விரிசல் இருந்தாலோ, சுத்தியலால் மெல்லத் தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று பொருள். உப்புதான் காரணம். கான்கிரீட்டுக்குள் கம்பியைக் காக்கும் மெல்லிய படலத்தை உப்பிலிருக்கும் குளோரைடு உடைத்துவிடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கிறது. மேலே பூசி வெள்ளையடித்தால் இரண்டு வருடம் தெரியாது. விற்பதற்கு முன்னால் புதிதாகப் பெயின்ட் அடித்த வீடுகளை நான் கூடுதல் நேரம் தட்டிப் பார்ப்பது அதனால்தான். அப்புறம், வாசல்படியிலிருந்து தெருவைப் பாருங்கள். மேலே மேலே சிமென்ட் ரோடு போட்டுத் தெரு உயர்ந்துவிட்ட இடங்களில் பழைய வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. ஊருணிக்குப் பக்கம் என்கிறீர்கள். ஊருணிக்கு வரும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அங்கே நாற்பது வருடம் குடியிருப்பவரிடம் கேளுங்கள். அந்த வழியில் வீடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டணம்காத்தான் மனைக்கும் நான் மழையை எதிர்பார்ப்பது இதே காரணத்துக்காக. நம் ஊர் தட்டையான பூமி. வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்துதான் அடங்குகிறது. சுற்றிலும் கண்மாயும் ஊருணியும், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் ஊர் இது. பெரியவர்கள் வரத்துக்காலைப் பார்த்து வீடு கட்டினார்கள். இன்று மனை போடுகிறவர்களில் சிலர் கால்வாயை மண்ணடித்து மூடி, அதற்கு மேலேயே 20 அடி ரோடு காட்டுகிறார்கள். ஆவணி வெயிலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரி மழையே சுமார் 82 சென்டிமீட்டர். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாம்பன்காரருக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. அதே மாதிரி ஒரு மழை பட்டணம்காத்தானில் பெய்தால் அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? இந்தக் கேள்விக்கு எந்தப் பத்திரத்திலும் பதில் இல்லை. ஐப்பசியில் ஒரு தடவை, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, நேரில் போய் நில்லுங்கள். முழங்கால் தண்ணீர் வந்து மறுநாளே வடிந்துவிட்டால் பரவாயில்லை, அஸ்திவாரத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஒரு வாரம் நிற்கிற தெரு வேண்டாம். பாத்ரூம் தண்ணீர் போக வழியில்லாமல் தவிப்பீர்கள்.

மழை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். தாலுகா ஆபீஸ் மூலமாகவோ இணையத்திலோ புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை, எடுத்துப் பாருங்கள். ஓடை, வாய்க்கால் கோடு மனைக்குள்ளோ மனையை ஒட்டியோ போகிறதா? வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை? புறம்போக்கு, தேவஸ்தானம், வக்பு என்று ஏதாவது இருந்தால் பேச்சே வேண்டாம், பதிவே ஆகாது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1975 முதல் போட்டு எடுங்கள். ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. பதிவாகாத உயில், பங்காளிகளின் பாகம், எழுதி வைத்துப் பதியாத அக்ரிமென்ட் எதுவும் அதில் தெரியாது. தாய்ப்பத்திரத்தின், அதாவது முந்தைய உரிமைப் பத்திரத்தின், அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது. பலர் பெயரில் இருக்கும் கூட்டுப்பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. மனையின் சொந்தக்காரர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார், இங்கே மச்சானோ மாப்பிள்ளையோ பவர், அதாவது அவருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம், வைத்துக்கொண்டு விற்பார். பெரும்பாலும் நேர்மையான விற்பனைதான். இருந்தாலும் பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று, பவர் ரத்தாகவில்லை என்பதற்கான வில்லங்கச் சான்று, இரண்டும் வேண்டும். வாட்ஸ்அப் வீடியோவில் ஒரு தடவை அவரிடமே பேசுங்கள். தப்பாக நினைக்க மாட்டார். நினைத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இனி தண்ணீர். உங்கள் மனையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வரலாம். "இன்னும் ஆழமாப் போட்டா நல்ல தண்ணி வரும்" என்று போர்வெல்காரர் சொன்னால் நம்பிப் பணத்தை இறைக்காதீர்கள். கடற்கரை மணற்பாங்கில் மழைநீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரைதான் அது தாங்கும் என்பது பழைய கணக்கு. அதையும் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். ஆகவே பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். நீங்களே லேப் ஆள், முறையாக மாதிரி எடுப்பீர்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குளோரைடையும் தனியாகக் கேளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டுமானத்துக்கு லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும். அதைக் கான்ட்ராக்டர் கொட்டேஷனில் முதலிலேயே எழுத வையுங்கள். இல்லையென்றால் அவர் உப்புத் தண்ணீரிலேயே கூரையை ஊற்றிவிட்டுப் போவார்.

காவிரி கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது என்று பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் தப்பாக இருக்கும். குழாயின் கடைக்கோடித் தெருவா என்பதும் முக்கியம், பிரஷர் அங்கே தேறாது. டவுனை ஒட்டிய இடங்களிலும் குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்கும் வீடுகள் உண்டு. அப்படி இருந்தால் அதையும் அந்த 868-ஆல் வகுத்து விலையில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பணக் கணக்கு. மனை பதிமூன்றரை, பத்திரச் செலவு 1 லட்சத்து 21 ஆயிரத்து 500. 650 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,300 வீதம் ஏறக்குறைய 15 லட்சம். மொத்தம் 29 லட்சத்து 70 ஆயிரம் பக்கம். உங்கள் ஆறரையைக் கழித்தால் கடன் 23 லட்சத்துக்குச் சற்று மேலே. தவணை 20,000-ஐத் தாண்டும். கட்டி முடிக்கும்வரை வாடகை 7,500-உம் கூடவே ஓடும். இது இறுக்கம். அதனால்தான் பேரத்தில் பிடிவாதமாக இருங்கள் என்கிறேன். 12 லட்சத்துக்கு இறங்கினால் வாங்கலாம். இறங்காவிட்டால் அதே மனைப்பிரிவில் இரண்டரை சென்ட் கேட்டுப் பாருங்கள். வீட்டை முதலில் 500 சதுர அடியில் ஒரு படுக்கையறையோடு முடித்து, மாடிக்கு ஏற்ற தூண்களை மட்டும் விட்டு வைக்கலாம். கடலோரக் காற்றுக்கு எம்-30 என்ற வலுவான ரகக் கான்கிரீட், கம்பிக்கு மேல் நல்ல கவர், அதாவது போதிய கான்கிரீட் கனம், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். டைல்ஸும் மாடுலர் கிச்சனும் பிறகு வரும்.

"பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக்கலாம், மீதிய ரொக்கமாக் குடுங்க" என்று கேட்பார்கள். வழிகாட்டி மதிப்பு என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு. மறுத்துவிடுங்கள். பத்திரத்தில் மதிப்பு குறைந்தால் உங்களுக்குக் கிடைக்கும் கடனும் குறையும். ரொக்கத்துக்கு எங்கே போவீர்கள்? நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியும் கூடாது.

உங்கள் குடும்ப வருமானம் வருடத்துக்கு 6 லட்சத்து 24 ஆயிரம். 9 லட்சத்துக்குள் இருப்பதால் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் காரை வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து வருடத் தவணையாக வரும். நீங்கள் வாங்கும் சர்வே எண் திட்டப் பகுதிக்குள் வருகிறது என்பதைக் கடன் போடும் வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே இதைக் கணக்கில் சேருங்கள். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. ஆனால் அது 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான், உங்கள் மனைக்கு வராது. அதற்காக இல்லை என்றாலும் இருவர் பெயரிலும் வாங்குங்கள். தவணையை இருவரும்தானே கட்டப்போகிறீர்கள்.

இன்னொரு யோசனை. வாடகை வீட்டைப் பட்டணம்காத்தானுக்கே, முடிந்தால் அந்த மனைக்கு இரண்டு தெரு தள்ளி, இந்த மாதமே மாற்றிக்கொள்ள முடியுமா? முடிந்தால் மழையையும் பங்குனி, சித்திரைத் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அங்கேயே இருந்து பார்த்துவிடுவீர்கள். மனை அதற்குள் விற்றுப்போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஈ.சி.ஆருக்கு உள்ளே தள்ளிய இடத்தில் 3 சென்ட் மனைகள் அப்படியொன்றும் ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லை.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பட்டணம்காத்தான் இன்று கருவக்காடு இல்லை, கலெக்டர் ஆபீஸே அங்கேதான் இருக்கிறது. கடல் வேண்டுமென்றால் தேவிபட்டினம் பக்கம்தான், ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டிப் போகலாம். பாம்பனில் அவர் பெயரில் நத்தம் பட்டாவோடு, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான பட்டாவோடு, இடம் ஏதாவது இருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். அது வேறு கணக்கு, இந்த மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

புல வரைபடமும் வில்லங்கச் சான்றும் கிடைத்ததும் நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். புரோக்கர் நாளை போன் செய்தால், "கார்த்திகைக்கு அப்புறம் பேசுவோம்ணே" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.